பயிற்சிக்கு எழுதிய மனு

மௌரீனைத் தைரியசாலி என்று யாராவது சொன்னால் அவளுக்கே சிரிப்பு வந்துவிடும். கரப்பான்பூச்சியைக் கண்டால் ஸ்டூல் மேல் ஏறி நிற்கிறவள். லிங்கராஜபுரத்தில் வீட்டு முன்னறையில் பிளவுஸ் தைத்துக்கொண்டு தானுண்டு தன் வேலையுண்டு என்று இருந்தவளைப் போய், வருங்கால வார்டு தலைவர்களுக்கான பயிற்சிக்குப் பெயர் கொடுத்துவிட்டது சர்ச் மாதர் சங்கம். மற்ற பெண்கள் ஆளுக்கொரு சாக்குச் சொன்னார்கள். இவளுக்குச் சாக்குச் சொல்லவும் பயம். அதனால் போனாள்.

ஆறு மாதப் பயிற்சி, ஞாயிறு மத்தியானங்களில். நடத்தியவர் மல்லேஸ்வரத்து வித்யாலட்சுமி மேடம். வார்டு கமிட்டியில் எப்படி எழுந்து பேசுவது, தேர்தலில் நிற்க வேட்புமனுவை எப்படி நிரப்புவது என்றெல்லாம் நன்றாகவே சொல்லிக்கொடுத்தார். மூன்றாம் மாதம் ஒரு வீட்டுப்பாடம். உங்கள் தெருக் குறை ஒன்றைப் பற்றி, தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு.

"சும்மா பயிற்சிக்குத்தான். ஆனா நிஜம் மாதிரியே இருக்கணும்" என்றார் மேடம்.

அந்த ஒரு வார்த்தைதான் வினை. மற்றவர்கள் நோட்டுத்தாளில் நாலு வரி கிறுக்கிக்கொண்டு வந்தார்கள். மௌரீனோ அளவு பார்க்கத் தைக்கிற துணிக்கும் லைனிங் வைக்கிற ரகம். சர்க்கார் மொழியான கன்னடத்தில் குண்டு குண்டாக எழுதி, பெயர், விலாசம், கையெழுத்து எல்லாம் போட்டாள். போஸ்டாபீஸ் வரிசையில் நின்று பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் வாங்கி இணைத்தாள். கவரில் வார்டு ஆபீஸ் முகவரி எழுதி ஸ்டாம்பும் ஒட்டினாள். கேட்டிருந்தது ஒரே கேள்வி: எங்கள் தெருவின் பொது போர்வெல் மோட்டார் ரூம் சாவி யாரிடம், யார் உத்தரவில் இருக்கிறது?

யாரிடம் இருக்கிறது என்பது தெருநாய்க்கும் தெரியும். டேங்கர் உத்தமனிடம். தெருத் தண்ணீரை இறைத்து அதே தெருவுக்கு டேங்கரில் விற்கிற புண்ணியவான். அந்தப் பெயரை வைத்த மகராசியைக் கூப்பிட்டுத்தான் கேட்கவேண்டும். இதுவரை யாரும் வாய் திறந்ததில்லை. மௌரீனும் திறக்கவில்லை, பாவம், வீட்டுப்பாடம்தான் எழுதினாள். ஸ்டாம்ப் ஒட்டிய கவர் மேடத்தின் மேசையில் சும்மா கிடக்கிறதே என்று, பயிற்சி ஆபீஸ் பெண் ஒருத்தி அதைக் கொண்டுபோய்த் தபால்பெட்டியில் போட்டுவிட்டாள்.

ஒரு வாரம் கழித்து உத்தமனே வந்து வாசலில் நின்றான்.

"நல்லா தைக்கிறீங்களாமே சிஸ்டர், நம்ம வீட்ல சொன்னாங்க" என்றான். "லெட்டரும் நல்லாத்தான் எழுதுறீங்க."

"என்ன லெட்டர்ணா?"

போனை நீட்டினான். திரையில், வார்டு ஆபீஸில் எடுத்த படத்தில், அவள் கையெழுத்து.

"கோவமெல்லாம் இல்ல சிஸ்டர். கேக்கறதுக்கு உங்களுக்கு ரைட்ஸ் இருக்கு." சிரித்தான். "பாப்பா ஆஷ்லி செவன்த்தான? மூணரைக்கு வுட்டுடுவாங்க இல்ல? தனியாவா நடந்து வருது?"

அவன் போனதும் கதவைத் தாழிட்டாள். தாழைத் தொட்டுப் பார்த்தாள். இன்னொரு தரமும் தொட்டுப் பார்த்தாள். பிறகு அதே கதவைத் திறந்துகொண்டு ஓடி, இரண்டு மணிக்கே ஸ்கூல் கேட்டில் போய் நின்றாள். மணி அடித்து ஆஷ்லி வெளியே வந்தபோது, அத்தனை பிள்ளைகள் எதிரில் மகள் கையைப் பிடித்த பிடியில் அது "வலிக்குது மம்மி" என்று கத்தியது.

மறுநாளிலிருந்து தெருவுக்கு டேங்கர் வரவில்லை. ஒருநாள் இல்லை, நாலு நாள். பக்கத்து வீட்டில் இட்லிக் கடை வைத்திருக்கிற ரத்தினம்மாள் காலிக் குடத்தை மௌரீன் வாசலில் ணங்கென்று வைத்தாள்.

"மாவாட்டத் தண்ணி இல்ல, பாத்திரம் கழுவத் தண்ணி இல்ல. லீடராகணும்னா உன் வூட்டோட ஆகு. எங்க வயித்துல ஏன்டி அடிக்கிற?"

மௌரீன் ராத்தூக்கம் போய், பிளவுஸ் ஒன்றுக்கு இரண்டு இடது கை தைத்து வைத்திருந்தாள்.

மேடத்துக்குப் போன் செய்தால் அங்கே ஏற்கனவே விஷயம் போயிருந்தது. "எங்க தப்புதாம்மா. வார்டு என்ஜினியர்கிட்ட பேசிட்டேன். பயிற்சிக்கு எழுதினது, தவறிப்போய் வந்துடுச்சுன்னு அவரே லெட்டர் ரெடி பண்ணி வெப்பாராம். சனிக்கிழமை கமிட்டியில கையெழுத்துப் போட்டா முடிஞ்சது."

"போட்டுட்டு வந்துடு மௌரீன்" என்றான் புருஷன் ஜாய்சன். "நமக்கு எதுக்கு ஊர் வம்பு?"

அவளுக்கும் அதுதான் வேண்டியிருந்தது. பொய்கூடச் சொல்லவேண்டியதில்லை. நடந்ததே அதுதானே? கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, ஐந்து நாளில் முதல் தடவையாக ஒரு வாய் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

சனிக்கிழமை வார்டு ஆபீஸ் ஹாலில் நாற்பது பேர் இருந்தார்கள். மேடமும் ரத்தினம்மாளும் வந்திருந்தார்கள். முதல் வரிசையில் கால்மேல் கால் போட்டு உத்தமன். என்ஜினியர் ஒரு தாளை நீட்டி, கன்னடத்தில், "இல்லி சைன் மாடம்மா" என்று கையெழுத்துப் போடவேண்டிய இடத்தைக் காட்டினார்.

மௌரீன் படித்தாள். இரண்டே வாக்கியம். மனு தவறுதலாக அனுப்பப்பட்டது. சரி. அடுத்தது: போர்வெல் மோட்டார் ரூம் உத்தமன் அவர்களின் பொறுப்பில் இருப்பதில் எங்கள் தெருவாசிகளுக்கு ஆட்சேபணை இல்லை.

இதுவரை சாவிதான் அவன் கையில் இருந்தது. இனிமேல் அவள் கையெழுத்தும் இருக்கும். நாலு நாள் தண்ணீரை நிறுத்தியவன் நாற்பது நாளும் நிறுத்துவான். கேட்டால் இந்தத் தாளைக் காட்டுவான்.

"சார், மேல இருக்கிறதுக்கு மட்டும் கையெழுத்துப் போடறேன்." கன்னடத்திலேயே கேட்டாள். "கீழ இருக்கிறத அடிச்சுடுங்க."

"ரெண்டும் சேத்துதான் சிஸ்டர்" என்றான் உத்தமன், உட்கார்ந்தபடியே.

என்ஜினியருக்குப் பொறுமை போய்விட்டது. "சீக்கிரம் சொல்லும்மா. இது தெரியாம வந்த மனுவா, இல்ல நீயே அனுப்பினதா?"

உள்ளதைச் சொன்னால் இரண்டுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஆண்டவரே, எந்த நேரத்தில் அந்த ஸ்டாம்பை ஒட்டினேன் என்று நொந்துகொண்டாள்.

"நான்தான் சார் அனுப்பினேன்."

பிறந்ததிலிருந்து அவள் நாலு பேர் முன்னால் சொன்ன முதல் பொய் அதுதான். மேடம் தலையைக் குனிந்துகொண்டார். ரத்தினம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

என்ஜினியர் தாளை வாங்கி மடித்தார். "அப்படின்னா பதில் குடுக்க சட்டப்படி முப்பது நாள்ல எனக்கு இன்னும் பதினெட்டு நாள் டைம் இருக்கு. தபால்ல வரும். அடுத்த விஷயம்."

வெளியே மரத்தடியில் உத்தமன் அவளுக்காகக் காத்திருந்தான். இப்போது சிரிக்கவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணா என்று சொல்லத்தான் மௌரீன் வாயைத் திறந்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பேசாமல் நின்றதை அவன் திமிர் என்று எடுத்துக்கொண்டான்.

"பதினெட்டு நாள் பெரிய டைம் சிஸ்டர்" என்றான். கிட்டே வந்தான். "இவ்ளோ தைரியமா நிக்கிறீங்களே, உங்க பின்னால யாரு இருக்கா? அத மட்டும் சொல்லிடுங்க."

மௌரீன் திரும்பிப் பார்த்தாள். ஹால் வாசலில் நின்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே நகர்ந்துகொண்டிருந்தார்கள்.

"யாரும் இல்லண்ணா" என்றாள்.

அன்றைக்கு அவள் சொன்னதில் அதுதான் உண்மை. அதை மட்டும் அவன் நம்பவில்லை.