நாடக முரண்

"ஆடாம இருடி" என்று மகளின் தலையை இழுத்துப் பிடித்தாள் தனலெட்சுமி. மகள் ஆடவில்லை; பின்னிய சடையைத் தாய்தான் மறுபடி மறுபடி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். விடியுமுன் கொழும்பிலிருந்து அந்த நாசமாய்ப் போன போன் வந்தது. கட்டட வேலைக்குப் போன புருஷன் கந்தப்பன் மாடியிலிருந்து விழுந்து செத்துப்போனான். பொழுது சாயுமுன் பூனாகலைக்குக் கொண்டுவந்துவிடுவார்களாம். சத்தம் வெளியே வராமல் வாயைப் பொத்திக்கொண்டு, வீட்டுப் பின்கோடிக்குப் போய் நின்று பேசினாள்.

உள்ளே படுத்திருந்த சுபாஜினிக்கு இன்றுதான் உயர்தரப் பரீட்சையின் கடைசிப் பேப்பர், நாடகமும் அரங்கியலும். இதை விட்டால் இன்னொரு வருஷம். இனி யார் இருக்கிறார்கள் படிக்கவைக்க? கொழுந்துக் கூடைதான் அவள் முதுகிலும் ஏறும். எழுதிவிட்டு வரட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டாள். ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாது என்று லயத்து வரிசை வீடுகளில் கதவு கதவாகப் போய்க் கெஞ்சிவிட்டு வந்தாள். சடை பின்னும்போது மகள் தன் முகத்தைப் பார்க்க முடியாது. அதுவரைக்கும் நிம்மதி.

"தனிமொழின்னா ஒருத்தர் தனக்குத்தானே பேசுறது" என்று சுபாஜினி ஒப்பித்துக்கொண்டிருந்தாள். "நாடக முரண்னா, பாக்குற சனங்களுக்கெல்லாம் விசயம் தெரியும். பாத்திரத்துக்கு மட்டும் தெரியாது."

"பாத்திரத்துக்கு என்னத்தடி தெரியும்?"

"சட்டி பானை இல்லம்மா! நடிக்கிற ஆளு."

சீப்பு பாதியில் நின்றது. அடி பாவி மகளே, இன்றைக்கா இதைப் படிக்க வேண்டும்!

"தெரியாம அந்த ஆளு என்ன செய்யும்?"

"வழக்கம்போல பேசிக்கிட்டு நிக்கும். பாக்குறவங்களுக்குத்தான் நெஞ்சு வெடிக்கும்."

பக்கத்துக் காம்பிரா வீட்டுக் கருப்பம்மா தேத்தண்ணியோடு வந்து வாசலில் நின்றாள்.

"ஏன் அத்தே, கண்ணு இப்பிடிச் செவந்திருக்கு?" என்றாள் சுபாஜினி.

"பொகைடி. ஈர வெறகு" என்றவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு ஓடினாள். வந்ததே தப்பு, இதில் முந்தானை வேறு! தனலெட்சுமிக்கு அவளை அறைய வேண்டும் போலிருந்தது. கட்டிக்கொண்டு கதற வேண்டும் போலவும் இருந்தது.

ரோட்டுக்கு இறங்கும்போது லயத்துச் சனம் முழுவதும் வாசல்களில் நின்றது. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு ஒருத்தரும் போகவில்லை. சுபாஜினி யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல், ஏன் என்றும் கேட்காமல் நடந்தாள்.

பண்டாரவளை பஸ் வந்தது. தனலெட்சுமி எங்கிருந்தோ ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டாள். "நல்லா எழுதணும், என்ன?"

மிதிபலகையில் ஏறிய மகள் திரும்பாமலே கம்பியைப் பிடித்தாள்.

"எழுதிட்டு ஓடி வந்துருவேன். நான் வர்ற வரைக்கும் அப்பாவ எடுத்துறாதீங்கம்மா."

பஸ் வளைவில் மறைந்த பிறகும் தனலெட்சுமி சிரித்த முகத்தோடே ரோட்டில் நின்றாள்.