பலா மரத்தின் மேல் விழுந்த பழி

மாத்தளையில் இரும்புக் கடை வைத்திருக்கும் முனாஸ், வீட்டு மொட்டை மாடியில் சோலர் தகடுகள் பூட்டுமுன் எல்லாவற்றையும் அளந்தார். வெயில் விழும் திசை, கூரையின் அகலம், வயர் ஓடும் தூரம். ஆனால் தன் மனைவி மஸீஹா வருடாவருடம் கராம்பு காயப்போடுவது அந்த மாடியில்தான் என்பது அவருக்கு நினைவே வரவில்லை.

மஸீஹா சண்டை பிடிக்கவில்லை. தோட்டத்திலிருந்து பச்சைக் கராம்பு வந்ததும், கணவர் கடைக்குப் போகும்வரை காத்திருந்தாள். பிறகு தகடுகளின் மேல் பழைய சாரிகளை விரித்துக் கராம்பைப் பரப்பினாள். கீழே கண்ணாடியின் சூடு, மேலே வெயில். தனக்காகவே யாரோ செய்து தந்தது போலிருந்தது. அவர் திரும்புமுன் எல்லாவற்றையும் அள்ளிவிடுவாள்.

முனாஸோ கடையில் இருந்தபடியே, தகடுகள் தரும் மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் கோட்டைப் போனில் பார்ப்பவர். அது தினமும் காலையில் கொஞ்சம் தலை தூக்கி, உடனே படுத்துக்கொண்டது. வானத்தில் முகிலும் இல்லை. கடைசியில் பக்கத்து வீட்டுப் பலா மரம் அவர் கண்ணில் பட்டது.

"சிவசாமி அண்ணே, உங்கட மரத்துட நெழல்தான் என்ட கரண்டக் குடிக்கிது."

"எங்க மரம் தண்ணிதான் குடிக்கும் மொதலாளி. கரண்டு குடிச்சு நான் பார்த்ததில்லீங்க."

ஆனாலும் பக்கத்து வீட்டோடு பகை எதற்கு என்று, மறுநாளே வெட்ட ஆள் பிடிப்பதாகச் சொன்னார் சிவசாமி.

மதிலுக்கு இந்தப் பக்கம் நின்ற மஸீஹாவின் காதிலும் அது விழுந்தது. மரம் ஒரு பாவமும் அறியாதது. அதன் பழங்களில் பாதி மதில் தாண்டி அவள் குசினிக்குத்தான் வரும். உண்மையைச் சொன்னால் மாடிக் கதவுக்குப் பூட்டு விழும். வெயில் தப்பிய கராம்போ பூஞ்சணம் பிடித்துவிடும்.

மறுநாள் தகடுகளை வெறுமையாக விட்டாள். ஆனால் கராம்பை எங்கே போடுவது? நிலத்தில் போட்டால் கோழிகள் கிளறும். முற்றத்தில் உயரமாக, வெயிலில், முனாஸ் யாரையும் தொடவிடாத கறுப்புக் கார் நின்றது.

மதியம் போன் வந்தது.

"மஸீஹா! கரண்டு ஏறுது! மரத்த வெட்டிட்டாங்களா?"

"இன்னும் இல்ல. நீங்க நேத்து ஏசினதுல மரம் பயந்திருக்கும்."

வெட்டுவதை நிறுத்தச் சொல்ல முனாஸ் த்ரீவீலில் பறந்து வந்தார். சாரிகளை அள்ள அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. மதிலருகே சிவசாமியும் கயிறும் கோடரியுமாக ஓர் ஆளும் நின்றார்கள். காரின் கூரை, முன்பக்கம், பின்பக்கம் எல்லாம் கராம்பு.

"என்ன மொதலாளி," என்றார் சிவசாமி, "காருக்கும் சோலர் போட்டுட்டீங்களா?"

முனாஸ் காரைப் பார்த்தார். மாடியைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். இத்தனை நாளும் மாடிப்படியில் வீசிய வாசம் எதனுடையது என்று இப்போதுதான் விளங்கியது.

கோடரிக்காரரைப் போகச் சொன்னார்.

"மாடியப் பூட்டுறண்டா பூட்டுங்க," என்றாள் மஸீஹா. "எனக்குக் கார் போதும். நல்லாக் காயிது."

முனாஸ் காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"அள்ளு, அள்ளு. மாடிக்கே கொண்டு போ. ஆனா தகட்டுல ஒரு வரிசயிலதான் போடணும்."

மதிலுக்கு மேலே சிவசாமியின் தலை எழுந்தது.

"ரெண்டு வரிசை கேளுங்க தங்கச்சி!"