கிளிஃபர்டின் கிளட்சும் ஹிலரியின் நாய்களும்

கிளிஃபர்ட் பாஸ்க் தன் பழைய காருக்கு வேறு கியர்பாக்ஸ் போட்டபோது, கிளட்சைத் தள்ளும் சிலிண்டரையும் புது மாதிரிக்கு மாற்றினார். பழையது வெளியே இருந்தது. கெட்டால் கையை நீட்டிக் கழற்றிவிடலாம். புதியது வளையல் மாதிரி கியர்பாக்ஸின் தண்டைச் சுற்றி உள்ளே உட்கார்ந்துகொள்ளும். அதில் சின்னத் தப்பு என்றாலும் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். கிளிஃபர்ட் இரண்டு முறை இறக்கினார். முதல் முறை, சிலிண்டருக்கு அடியில் வைக்க வேண்டிய வாஷரை மேசைமேல் விட்டுவிட்டார். அடுத்த முறை, வாஷரை வைத்தோமா என்று சந்தேகம் வந்துவிட்டது. வைத்துத்தான் இருந்தார்.

பிறகு மிஞ்சியது கிளட்ச் எண்ணெய்க் குழாயில் புகுந்த காற்றை எடுக்கும் வேலை; காற்று இருந்தால் பெடல் பிடிக்காது. மனைவி கிளெனிஸ் காருக்குள் உட்கார்ந்து பெடலை மிதிப்பார். இவர் அடியில் படுத்து, காற்று வெளியேறும் திருகைத் திறந்து மூடுவார். "கீழே" என்றால் மிதிக்க வேண்டும். "இரு" என்றால் அப்படியே பிடித்திருக்க வேண்டும். "மேலே" என்றால் காலை எடுக்க வேண்டும். கிளிஃபர்டுக்குக் காது கொஞ்சம் மந்தம். அதனால் எதைச் சொன்னாலும் ஊருக்கே சொல்வார்.

அவர் ஷெட்டுக்குப் பின்னால், வேலிக்கு அந்தப் பக்கம் ஊர்ப் பொதுக்கூடத்தின் புல்வெளி. அங்கேதான் ஹிலரி தர்ல்பி நாய்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்துகிறார். நானும் என் நாய் பார்னபியைக் கூட்டிக்கொண்டு போவேன். படுக்க, அசையாமல் இருக்க, எழ என்று ஹிலரி சொல்லிக்கொடுத்தும், வசந்தம் முழுக்க எங்கள் நாய்கள் எதுவும் கற்றுக்கொள்ளவில்லை; பிஸ்கட்டை மட்டும் தவறாமல் வாங்கிக்கொண்டன.

அன்று மாலை வேலிக்கு அப்பாலிருந்து "கீழே" என்று ஒரு குரல் வந்தது. எல்லா நாய்களும் படுத்தன. "இரு" என்றது குரல். ஒன்றுகூட அசையவில்லை. "மேலே" என்றதும் எழுந்து நின்றன.

ஹிலரி நேராக வேலிக்குப் போனார்.

"மிஸ்டர் பாஸ்க், நான் இங்க வகுப்பு எடுக்கிறேன். கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு வேலை பாக்கக்கூடாதா?"

காருக்குள்ளிருந்து கிளெனிஸ்தான் பதில் சொன்னார்: "நாப்பது வருஷமா நானும் அதைத்தான் கேக்கிறேன். வரிசையில வாங்க."

அந்த வாரம் முழுக்கப் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கிக்கொண்டே இருந்தது; மாலைதோறும் அந்தக் குரலும் கேட்டது. நாய்களோ நாளுக்கு நாள் தேறின. எல்லாம் தான் போட்ட அடித்தளம் என்று ஹிலரி சொல்லிக்கொண்டார்.

சனிக்கிழமை நாய்களுக்குத் தேர்வு. நடுவராக வந்த பெண் தூறலில் குறிப்பேட்டைக் கோட்டுக்குள் மறைத்தபடி நின்றார். ஹிலரி "கீழே" என்றார். நாய்கள் வேலியைப் பார்த்தன. மறுபடி சொன்னார். பார்னபி போய் நடுவரின் கோட்டுப் பையை மோந்து பார்த்தான்.

ஹிலரி என் காதருகே வந்தார். "ஓடிப் போய் அந்த மனுஷனைக் கத்தச் சொல்லுங்க."

நான் போனபோது அங்கே தேநீர் நேரம். அன்று காலைதான் பெடல் கெட்டியாகி, கிளட்ச் வேலை செய்ய ஆரம்பித்திருந்தது. சரியாக இருப்பதைத் தொடமாட்டேன் என்று கிளிஃபர்ட் அடம்பிடித்தார்.

"யாரு தொடச் சொன்னா? சும்மா கத்து," என்றார் கிளெனிஸ்.

நின்றுகொண்டு கத்தினால் வராதாம். எனவே காருக்கடியில் படுத்தார். கிளெனிஸ் தேநீர்க் கோப்பையோடு தன் இடத்தில் உட்கார்ந்தார். குரல் எழும்பியது. புல்வெளியில் நாய்கள் ராணுவம் போலப் படுத்தன, இருந்தன, எழுந்தன. பார்னபி மட்டும் எழவில்லை, தூங்கிவிட்டான். மற்ற எல்லா நாய்களும் தேறின.

அது யார் குரல் என்று நடுவர் கேட்டார்.

"எங்க உதவிப் பயிற்சியாளர். கொஞ்சம் கூச்ச சுபாவம்," என்றார் ஹிலரி.

ஷெட்டில்தான் விபரீதம். பழக்க தோஷத்தில் கிளெனிஸின் கால் பெடலை மிதித்திருக்கிறது. கிளிஃபர்டின் கை திருகைத் திறந்திருக்கிறது. காதை நாய்கள் பக்கம் வைத்திருந்ததால், "மேலே" சொல்லும்போது மூட மறந்துவிட்டார். குழாய் நிறையக் காற்றை உறிஞ்சிக்கொண்டது. பெடல் மறுபடி பஞ்சு.

மறுநாள் ஹிலரி எலுமிச்சைக் கேக்கோடு வந்து, தானே பெடலை மிதிக்க உட்கார்ந்தார். ஒரு நிபந்தனை போட்டார்: "'தயவுசெய்து' சேர்த்துச் சொன்னாத்தான் மிதிப்பேன்." கிளிஃபர்ட் முனகிக்கொண்டே சொன்னார். மரியாதைக்கோ என்னவோ, மதியத்துக்குள் காற்று முழுக்க வெளியேறிவிட்டது.

கிளெனிஸ் சாவியைப் போட்டு, கிளட்சை மிதித்து, கியரைத் தள்ளினார். கரகரப்பே இல்லாமல் கியர் விழுந்தது. அது இரண்டே பேர் உட்காரக்கூடிய கார். கிளிஃபர்ட் கை கழுவிவிட்டு வருவதற்குள், பொரித்த மீன் சாப்பிட கிளெனிஸும் ஹிலரியும் கடற்கரைக்குக் கிளம்பிவிட்டார்கள்.