வள்ளித்தாயின் இரண்டாவது பெட்டி

1

இந்தக் கதை ஒரு சட்டையிலிருந்து வந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். 1961 ஆடியில் குற்றாலத்தில் மூன்று நாள் விடாத சாரல். அருவியில் நனைந்த துணி எதுவும் காயவில்லை. விடுதிக்காரர் நயினாரின் மனைவி வள்ளித்தாய் என் சட்டையை வாங்கிக்கொண்டு போய் அரை மணியில் திருப்பித் தந்தார். சுடச்சுட இருந்தது. போட்டதும் கண் சொக்கியது. அந்தச் சொக்கலில்தான் எழுதத் தொடங்கினேன்.

2

"மலையைக் காணவில்லை, மேகம்" (அடித்துவிட்டேன். குற்றாலம் போனவர்கள் எல்லோரும் மேகத்தில்தான் தொடங்குகிறார்கள்.)

"நயினார் ஒரு திருடர்" (இதையும் அடித்தேன். காரணம் கீழே.)

3

அடுப்பங்கரைச் சூட்டில் துணி உலர்த்தும் மரப்பெட்டியை யோசித்துச் செய்தவர் வள்ளித்தாய். அதைப் பற்றிப் பதினாறு பக்கப் புத்தகம் எழுதியவர் கணவர் நயினார். படம், அளவு எல்லாம் போட்டுத் தென்காசியில் அச்சடித்தார். அட்டையில் 'காப்பிரைட் ரிஜிஸ்டர்டு' என்று கொட்டை எழுத்து. இனிப் பெட்டியை எவனும் தொட முடியாது என்று நிம்மதியாக இருந்தார். அடுத்த சீசனில் விடுதிக்கு விடுதி அதே பெட்டி.

இருவரும் வக்கீல் ஆதித்தனிடம் போனார்கள்.

"அண்ணாச்சி, ஒங்க எழுத்த எவனாவது அச்சடிச்சு வித்தானா?"

"இல்ல. பெட்டியல்லா செய்தான்!"

"காப்பிரைட்டு எழுத்துக்குத்தான். பெட்டிக்கு பேட்டண்டு வாங்கணும், அது வேற. ஊருக்குச் சொல்லுததுக்கு முன்னால மனு போட்டிருக்கணும். நீங்கதான் அளவோட அச்சடிச்சுக் குடுத்திட்டியளே!"

வள்ளித்தாய் கேட்டாராம்: "பொஸ்தகம் அவுகளுக்கு. பெட்டி ஊருக்கு. எனக்கு?"



(நயினார் திருடரல்ல. ஒவ்வொரு பக்கத்தையும் மனைவிக்கு வாசித்துக் காட்டியவர். புத்தகத்தில் வள்ளித்தாய் பெயரையும் போடலாம் என்று தோன்றவேயில்லை, அவ்வளவுதான். எனக்குக் கோபம் வந்தது. இந்தக் கதையின் தலையில் யார் பெயர் இருக்கும் என்று நினைத்ததும் கொஞ்சம் இறங்கியது.)

4

என் சட்டை காய்ந்தது அந்தப் பெட்டியில் அல்ல, வள்ளித்தாய் பிறகு புதிதாகச் செய்த இரண்டாவது பெட்டியில். துணியில் புகை நாற்றமே இல்லை. என்னை நம்பித் திறந்து காட்டினார். அதைப் பற்றி நான் எழுதியதுதான் இந்தக் கதையிலேயே நல்ல பத்தி:

பெட்டியின் அடியில் ஒரு

வாசித்துக் காட்டியபோது இங்கே நிறுத்தினார்.

"கதை எழுதுங்க, வேண்டாங்கல. உள்ள என்ன இருக்குன்னு மட்டும் எழுதிராதிய. மனு இன்னும் போகல. அச்சுல வந்துட்டா இதுவும் போயிரும்."

அச்சேறினால் பத்தி எனக்குச் சொந்தம். பெட்டி மறுபடி ஊருக்குச் சொந்தம். நன்றாக வந்த பத்தியைக் கிழிப்பது வயிற்றெரிச்சல். கிழித்தேன்.

5

முடிவு ஒன்று: பேட்டண்டு கிடைத்து வள்ளித்தாய் (தெரியாது.)

முடிவு இரண்டு: வேறு யாரோ முந்திக்கொண்டு (எழுதக் கை வரவில்லை.)

கண்டது இவ்வளவுதான். கிளம்பும் காலையில் ஜன்னல் வழியே சாரல் உள்ளே வந்துகொண்டிருந்தது. வக்கீல் இங்கிலீஷில் மாற்றுவதற்காக நயினார் மனுவைத் தமிழில் எழுதிக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் எழுத்து அவர் வேலை. 'கண்டுபிடித்தவர் பெயர்' என்ற இடம் வந்ததும், கை பழக்கத்தில், 'ந' என்று போட்டார்.

பக்கத்தில் ஈரத்துணி பிழிந்துகொண்டிருந்த வள்ளித்தாயின் கை நின்றது. பேனாவும் நின்றது.

என் பஸ் வந்துவிட்டது.

கதையில் ஓர் இடம் காலி, மனுவில் ஓர் இடம் காலி. கதையில் இருப்பதை நிரப்ப வேண்டாம். மனுவில் இருப்பதை உங்களிடம் விடுகிறேன். முதலில் அந்த 'ந'வை அடித்துவிடுங்கள்.