மஞ்சள் திரைச்சீலை

உகாண்டாவில், கம்பாலா நகரத்தின் புவாய்சே பக்கத்தில் லுபோவா பேசாமல் யாரும் படம் பார்ப்பதில்லை. வீடியோ கொட்டகையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, ஓடுகிற படத்தின் மேலேயே கதை சொல்வது அவன் தொழில். சீனப் படமானாலும் சரி, அமெரிக்கப் படமானாலும் சரி, அவன் வாயில் விழுந்தால் ஊர்ப் பாஷையான லுகாண்டாதான். எதையும் முன்கூட்டியே ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவான். அன்றைக்கு வந்தது உள்ளூர்ப் பையன்கள் எடுத்த லுகாண்டாப் படம். நம் பாஷைதானே என்று பார்க்காமலே உட்கார்ந்துவிட்டான். அதற்கும் அவன் பேசியாக வேண்டும். இல்லாவிட்டால் கொட்டகை சும்மா விடாது.

படத்தில் ஒரு திருடன் மாடியில் படுத்துக்கொண்டு கீழே ஒரு வீட்டு ஜன்னலைப் பார்க்கிறான். உள்ளே ஒருத்தி முதுகைக் காட்டி நின்று சட்டை மாற்றுகிறாள். நடிக்கிறவள் மாதிரியே இல்லை. அதுதான் எல்லோருக்கும் பிடித்தது. விசில் பறந்தது.

"இவ புருஷன் எங்கய்யா தொலைஞ்சான்?" என்றான் லுபோவா. "ஜன்னல் சீலையத் தைக்க வக்கில்ல. பொண்டாட்டிய ஊருக்குக் காட்டிட்டு, அவன் எங்க பல்லக் காட்டிட்டு இருக்கானோ."

கொட்டகை அதிர்ந்தது. கேமரா நெருங்கியது. மஞ்சள் சீலை, கீழ் மூலையில் கிழிசல்.

"எதிர்ல மாடி கட்டுறாங்க, அந்தக் கிழிசலக் கொஞ்சம் தைச்சுக் குடுங்க" என்று அவன் மனைவி நன்டோங்கோ ஈஸ்டரிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

பையன்கள் அந்த மாடியில் ஏறி எடுத்தது லுபோவா வீட்டு ஜன்னலைத்தான். அவள் இன்னும் முகம் திருப்பவில்லை. பேச்சை நிறுத்தினால் இவர்கள் இன்னும் உற்றுப் பார்ப்பார்கள்.

"அங்க என்ன பார்வை? இடது பக்கம் பாருங்க, பலாமரத்துக்குப் பின்னால. போலீஸ் வந்தாச்சு."

அத்தனை கண்களும் பலாமரத்துக்குப் போயின. நன்டோங்கோ திரும்பினாள். யாரும் பார்க்கவில்லை. காட்சி மாறியது.

"போலீஸ் எங்கண்ணே? ஒருத்தனையும் காணோம்" என்றான் முன்வரிசையில் ஒருவன்.

"திருப்பிப் போடு" என்று பெஞ்சுகளைத் தட்டினார்கள். கேட்டால் திருப்பிப் போடுவது அங்கே வழக்கம். மறுத்தால் ஏன் என்று துருவுவார்கள். திருப்பினான்.

"அந்தப் புருஷன் கதையையும் சொல்லுங்கண்ணே" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

சொன்னான். ஒரு வார்த்தை குறைக்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. எல்லோரும் பலாமரத்தையே பார்த்துக்கொண்டிருக்க, ஜன்னலைப் பார்த்தவன் அவன் ஒருவன்தான். நன்டோங்கோ கிழிந்த மூலையை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டே மறு கையால் சட்டையை மாட்டினாள்.

கொட்டகை இந்தத் தடவை இன்னும் அதிகமாகச் சிரித்தது.