விட்டுக்கொடுக்காத மனுஷன்

எனக்கு இந்த வியாதி வந்ததிலிருந்து என் உடம்பைப் பற்றித் தெரிந்துகொள்ள ஊருக்கே ஆசை. தெரிந்துகொண்ட பிறகுதான் ஒருவரையும் காணோம். நடந்து காட்டச் சொன்னார்கள், நடந்தேன். சின்னச் சின்னக் குச்சிகளைப் பலகைத் துளையில் செருகச் சொன்னார்கள், செருகினேன். குழாய்க்குள் படுக்கவைத்து மண்டையைப் படம் பிடித்தார்கள், அதற்கும் அசையாமல் கிடந்தேன். ஒவ்வொரு ஆராய்ச்சி முடிந்ததும் 'உங்கள் பங்களிப்புக்கு நன்றி' என்று போனுக்கு ஒரு மெசேஜ் வரும். அந்த நன்றியை வைத்து நாக்குக்கூட வழிக்க முடியாது.

வியாதியின் பெயர் மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ். நரம்புக்கு மேலே இருக்கும் உறையை நம் உடம்பே அரித்துவிடுகிறது. டாக்டர் படம் போட்டு விளக்கியதை என் கணவர் சட்டென்று பிடித்துக்கொண்டார். அவர் லிஃப்ட் மெக்கானிக். "ஒயர் இருக்கு, மேல ரப்பர் போயிடுச்சு, அதானே?" என்றார். டாக்டரே அசந்துபோனார்.

நான் பள்ளிச் சீருடை தைக்கும் கூடத்தில் கட்டிங் மாஸ்டர். துணியை அடுக்கிவைத்து, கோடு பிசகாமல் மொத்தமாக வெட்ட வேண்டும். இப்போது மதியத்துக்குள் விரல் மரத்துவிடுகிறது. பக்கத்து இஸ்திரி மேசைகளின் சூடு ஏறினால் கண் மங்குகிறது. அதற்குப் பிறகு நின்றுகொண்டிருப்பதே பெரிய பாடு. முதலாளி கெட்டவர் இல்லை. "ஏதாவது ஒரு வழி பண்ணும்மா, இல்லேன்னா மேசைக்கு வேற ஆளைப் போட்டாகணும்" என்று சொல்லிவிட்டார். அந்த மேசையை விட்டால் எனக்கு வேறு வேலை தெரியாது, பிடிக்கவும் பிடிக்காது.

அதனால்தான் இந்த ஆராய்ச்சிக்குப் பேர் கொடுத்தேன். இந்த நோயின் களைப்போடு அன்றாடம் எப்படிக் காலம் தள்ளுகிறோம் என்பதைப் பற்றியது. தேர்வானால் பயிற்சியாளர் ஒருவர் தையல் கூடத்துக்கே வருவார். மேசையை எங்கே நகர்த்தலாம், வேலையை எப்படிப் பிரித்துக்கொள்ளலாம் என்று பார்த்து முதலாளியிடமும் பேசுவார். நிபந்தனை ஒன்றுதான். என்னிடம் கேட்கிற அதே கேள்விகளை என் வீட்டு மனிதர் ஒருவரிடமும் தனியாகக் கேட்பார்கள். இரண்டு பேரும் கஷ்டம் என்று சொன்னால்தான் உள்ளே எடுப்பார்கள்.

கேள்வி கேட்ட பெண்ணின் கையில் எப்போதும் ஒரு டேப்லெட் இருந்தது. என் கணவர் அவளுக்கு 'டேப்லெட் பாப்பா' என்று பேர் வைத்து, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று என்னிடம் ஜோக் அடித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆஸ்பத்திரியில் பலகையால் தடுத்த ஓர் அறையில் முதலில் என்னைக் கேட்டாள். எனக்கு ஒரு கூச்சமும் இல்லை, உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தேன். அடுத்து அவரை அழைத்தாள். தடுப்புப் பலகை கூரைவரை போகவில்லை. பேச்சு அப்படியே கேட்டது.

"உங்க மனைவியால சமைக்க முடியுதா சார்?"

"என்னம்மா இப்படி கேட்டுட்டீங்க? ஜம்முனு சமைப்பா."

"துணி துவைக்க?"

"அவ துவைச்சாதான் எனக்குத் திருப்தி."

"வேலையில சிரமம் ஏதாவது?"

"கட்டிங்ல அவளை அடிச்சுக்க ஆள் கிடையாது."

எனக்குத் தலையிலடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. சமைப்பது இவர். துவைப்பது இவர். அன்று காலை எனக்கு முதுகு ஹூக்கை மாட்டிவிட்டதும் இவர்தான். மனுஷன் கூசாமல் புளுகிக்கொண்டிருந்தார்.

பழுது பார்த்த லிஃப்டை ஓட்டிக் காட்டிவிட்டு வருகிறவர் மாதிரி வெளியே வந்தார்.

"உள்ள என்ன உளறிட்டு வர்றீங்க?"

"ஏன், நல்லபடியாதானே சொன்னேன்."

"நல்லபடியா சொல்லவா கூட்டிட்டு வந்தேன்? எனக்கென்ன இங்க அவார்டா குடுக்கப் போறாங்க?"

அவர் முகம் சுருங்கியது. "முன்ன பின்ன தெரியாத பொண்ணுகிட்ட, என் பொண்டாட்டிக்கு இது வராது அது வராதுன்னு அடுக்கச் சொல்றியா? உங்க அக்காகிட்டயே நான் உன்னை விட்டுக்கொடுத்ததில்ல."

அது உண்மைதான். ஒருமுறை அக்கா வந்தபோது நான் எழுந்திருக்க முடியாமல் கிடந்தேன். இவர் கையிலிருந்த துடைப்பத்தைக் கதவுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, "இப்பதான் வீட்டையே பெருக்கித் துடைச்சுட்டுப் படுத்தா" என்றார். அக்கா நிம்மதியாகக் கிளம்பிப் போனாள். அதன் பிறகு என் உடம்பைப் பற்றி அவள் விசாரிப்பதே இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

"விட்டுக்கொடுங்க," என்றேன். "இந்த ஒரு தடவை என்னை விட்டுக்கொடுங்க. நீங்க தாங்கித் தாங்கித்தான் நான் கல்லுக்குண்டாட்டம் இருக்கேன்னு எல்லாரும் நம்பறாங்க. என் வேலை போகப்போகுது, புரியுதா உங்களுக்கு?"

அதற்குள் டேப்லெட் பாப்பா எட்டிப் பார்த்தாள். "உங்க பதிலுக்கும் சார் பதிலுக்கும் ஏணி வச்சாக்கூட எட்டல மேடம். இப்படி வந்தா இன்னொரு தடவை கேட்கலாம். அதுக்கப்புறம் மாத்த மாட்டாங்க."

அவர் மறுபடி உள்ளே போனார்.

"சமைக்க முடியுதா சார்?"

நாற்காலி கிறீச்சிட்டது. "நான்தான் சமைக்கிறேன்," என்றார் கடைசியில்.

"துணி?"

"நானேதான்."

"அவங்களா உடை மாத்திக்குவாங்களா?"

"விரல்ல பிடி இல்லம்மா. ஊசி குத்தினாக்கூட தெரியறதில்ல. வேலை விட்டு வந்தா செருப்பைக் கழட்டறதுக்கே என் தோளைத்தான் பிடிச்சுக்குவா."

நான் கேட்டு வாங்கிய பதில்கள்தான். ஆனாலும் ஒவ்வொன்றும் சுருக்கென்று தைத்தது. அவமானமாக இருந்தது. போதும் நிறுத்துங்க என்று கத்திவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

"அப்போ எல்லாத்துக்கும் 'முடியாது'ன்னு போட்டுக்கவா சார்?"

"முடியாதுன்னு போட்டா அவ என்னமோ மாட்டேங்கிற மாதிரி இருக்கும். அவ அப்படிப்பட்டவ இல்ல. முடியல. அவளால முடியல. என்னாலயும் முடியலம்மா."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

உள்ளே அந்தப் பெண் தயங்கினாள். "உங்களைப் பத்தின கேள்வி இதுல இல்ல சார்."

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போனேன். நான் அங்கே வரக்கூடாது என்று அவள் சொல்ல வாயெடுத்தாள். நான் நிற்கவில்லை.

"அவர் சொன்னதையும் போட்டுக்கோம்மா."

"எங்க மேடம் போடறது? அதுக்குக் கட்டமே இல்லையே."

"ஓரத்துல எழுதிக்கோ."

"டேப்லெட்ல ஓரம் கிடையாது மேடம்."

அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்க்காமல் பாக்கெட்டில் கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தார்.

"கட்டம் போடறவங்க யாரோ, அவங்களைக் கூப்பிடு," என்றேன். "வர்ற வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் இங்கதான் உக்காந்திருப்போம்."