சலவைக்கூடத்தில் இரண்டு கோடு

விடிவதற்கு முன்பே கொதிகலன் உறுமத் தொடங்கிவிடும். சலவைக்கூடத்தின் இரும்புக் கதவைத் திறந்தால் சோடாக் காரத்தின் நெடியும் வெந்த பருத்தியின் வாடையும் முகத்தில் அறையும். ஓட்டல்களிலிருந்து வந்த படுக்கை விரிப்புகள் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடக்கும். ஒரு முனையை எல்லாரும் வாயாடி என்று கூப்பிடுகிறவள் பிடிப்பாள், எதிர்முனையைக் கூட்டத்திலேயே வயதான மூத்தவள் பிடிப்பாள். உதறி, இழுத்து, கொதிக்கும் இஸ்திரி உருளைக்குள் கொடுக்க வேண்டும். கை கொஞ்சம் அசந்தாலும் விரல் தோல் விரிப்போடு போய்விடும்.

ஊரார் கூடிக் களித்த இரவுகளின் கறையையெல்லாம் இந்தப் பெண்கள் வெளுத்துத் தர வேண்டும். இவர்கள் வீட்டு இரவில் மட்டும் எதுவும் நடந்துவிடக் கூடாது என்பது முதலாளியின் சட்டம். மாதம் ஒரு முறை மேற்பார்வைக்காரி ஆளுக்கொரு குப்பியை நீட்டுவாள். கழிப்பறைக்குப் போய் சிறுநீர் பிடித்து வந்து தர வேண்டும். அவள் அதில் குச்சியை நனைத்துப் பார்ப்பாள். ஒரு கோடு வந்தால் வேலை, இரண்டு கோடு வந்தால் கர்ப்பம், வீடு. இந்த அசிங்கத்துக்கு 'ஆரோக்கியப் பரிசோதனை' என்று பெயர் வேறு. வெட்கங்கெட்டவர்கள் பெயர் வைப்பதில் மட்டும் குறை வைப்பதில்லை.

போன மாதம் மடிப்பு மேசைக்காரி ஒருத்தியை அனுப்பியபோது முதலாளி கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு உருகினான்.

"உன் நல்லதுக்குத்தாம்மா சொல்றேன். மாசமா இருக்கறவங்க இந்த ஆவி பக்கம் நிக்கவே கூடாது. எனக்கும் பொண்டாட்டி புள்ளைங்க இருக்கு."

"அவ நிக்கிறது மடிப்பு மேசையில, ஆவி கிட்ட இல்லியே" என்றாள் வாயாடி.

"உன்னை யாரும் கேக்கல."

அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். வாயாடியும் குனிந்துகொண்டாள். அன்று முழுக்க அவளுக்குத் தன்மேலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

வேலை நேரத்தில் சுகாதார நிலையத்துக்குப் போக விட மாட்டார்கள். வாயாடி அதற்கொரு வழி கண்டுபிடித்திருந்தாள். தன் விடுமுறை நாளில் போய், தன் பெயரில் கருத்தடை மாத்திரை அட்டையை வாங்கி வருவாள். அது கழிப்பறைக் கதவுக்குப் பின்னால் துணிப்பையில் தொங்கும். தலைவலி மாத்திரை மாதிரிதான். யார் வீட்டுக்காரன் வருகிறானோ அவள் ஒன்றைக் கிள்ளிக்கொள்வாள். வாயாடியின் கணவன் லாரி ஓட்டுகிறவன், வாரத்துக்கு ஒரு ராத்திரிதான் வீட்டில் தலை காட்டுவான். ஒரு ராத்திரிக்கு ஒரு மாத்திரை. சோப்புத் தூளைக்கூட வீணாக்கத் தெரியாத பெண்களுக்கு, வராத புருஷனுக்காக மாத்திரையை விழுங்க மனம் வரவில்லை.

இந்த முறை அட்டை வாங்கப் போனபோது, "கடைசியா எப்ப தலைக்கு ஊத்துன?" என்று கேட்டாள் நர்ஸ். வாயாடி விரல் விட்டு எண்ணினாள், மறுபடியும் எண்ணினாள். அதற்குள் நர்ஸ் குச்சியை எடுத்துவிட்டாள்.

இரண்டு கோடு.

வாயாடி இப்போது வேறு கணக்கு போட்டாள். இரண்டு பிள்ளைகள், வாடகை அறை, லாரி ஓடினால்தான் காசு. அடுத்த பரிசோதனைக்கு இன்னும் ஒரு நாள்தான் இருந்தது. மாத்திரை கதையைக் கேட்ட நர்ஸ் தலையிலடித்துக்கொண்டாள்.

"அடிப்பாவிங்களா! எல்லாருமா சேர்ந்து ஒரே அட்டையா? சாயங்காலம் நானே வரேன், எல்லாரையும் கூப்பிடு."

அன்று மாலை வாயாடியின் ஒற்றை அறையில் கால் வைக்க இடமில்லை. அட்டை நடுவில் கிடந்தது.

"ஒருத்திக்கு ஒரு அட்டை. புருஷன் வந்தாலும் வரலன்னாலும் தினமும் ஒண்ணு" என்றாள் நர்ஸ். "ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ரத்த அழுத்தம் பாக்கணும். எல்லா உடம்புக்கும் இது ஒத்துக்காது. அவசரத்துக்குன்னு வேற மாத்திரை இருக்கு. அதைச் சீக்கிரமா போடணும், நாள் தள்ளினா பலிக்காது."

முதலில் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். ஒருத்தி வாயைத் திறந்ததும் மடை உடைந்தது.

"பால் குடுக்கறப்ப தங்காதுன்னு சொல்றாங்களே சிஸ்டர்?"

"வெறும் தாய்ப்பால் மட்டும், ஆறு மாசத்துக்குள்ள, தீட்டும் இன்னும் வரலன்னா. இதுல ஒண்ணு தப்பினாலும் நம்ப முடியாது."

"எங்க வீட்டுக்காரரு, 'நான் கடைசியில விலகிக்கறேன், ஒண்ணும் ஆகாது'ங்கறாரு."

"அப்படி ஆயிட்டா சுமக்கறது அவரா?"

அறையே சிரித்தது.

"ஆம்பளைக்கு ஆபரேஷன் பண்ணா பலம் போயிடுமாமே?"

"ஒரு பலமும் போகாது. மூணு மாசம் கழிச்சு ஒரு டெஸ்ட் எடுத்துட்டு நிம்மதியா இருக்கலாம். ஆணுறை போட்டா நோயும் தொத்தாது, அது வேற எதுலயும் கிடையாது."

கொதிகலன்காரன் மனைவி தயங்கித் தயங்கி, ஒன்றுக்குப் போனால் எரிகிறது என்றாள். இன்னும் நாலு பேர் எனக்கும் என்றார்கள். அடக்கி அடக்கி வைத்தால் எரியாமல் என்ன செய்யும் என்று நர்ஸ் சொன்னாள், நாளைச் சாயங்காலம் தானே மருந்து கொண்டுவந்து தருவதாகச் சொன்னாள். வேலை நேரத்தில் ஒன்றுக்குப் போகக்கூட விடாத முதலாளி, அதே சிறுநீரை மட்டும் குப்பியில் பிடித்து வரச் சொல்கிறான். யோசித்துப் பார்த்தால் அவனைப் பார்த்துச் சிரிப்பதா துப்புவதா என்று தெரியவில்லை.

நர்ஸ் போன பிறகு மூத்தவள் மெல்லக் கேட்டாள். "என்னடி பண்ணப் போற?"

"வெச்சுக்கறதா வேணாமான்னு நானும் அவரும் பேசிக்கறோம். அதுல இந்த மொதலாளிக்கு என்ன பாத்தியதை?"

"நாளைக்குக் குப்பி நீட்டுவாளே?"

போன மாதம் குனிந்த தலைகள் எல்லாம் இங்கேதான் இருந்தன. மூத்தவள் அட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மாத்திரையைப் பங்கு போட்டோம், தப்பாப் போச்சு" என்றாள். "இதையும் பங்கு போட்டுப் பாப்போமா?"

மறுநாள் காலை கழிப்பறை வாசலில் வரிசை மெதுவாக நகர்ந்தது. வாயாடி முதலில் போய், ஒரு குவளை நிறையப் பிடித்து உள்ளேயே வைத்துவிட்டு வந்தாள். பின்னால் போன ஒவ்வொருத்தியும் தன் குப்பியில் அதிலிருந்து கொஞ்சம் ஊற்றிக்கொண்டு வந்தாள்.

மேற்பார்வைக்காரி குச்சியை நனைத்தாள். இரண்டு கோடு. அடுத்தது, இரண்டு கோடு. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள், அப்படியும் இரண்டு கோடு. தலையணை உறைக்குப் பொத்தான் தைக்கிற, கல்யாணமே ஆகாத பொத்தான்காரிக்கும் இரண்டு கோடு. தீட்டு நின்று பேரன் எடுத்த மூத்தவளுக்கும் இரண்டு கோடு வந்தபோது மேற்பார்வைக்காரி முதலாளியைக் கூப்பிட ஓடினாள்.

முதலாளி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"என்னடி கூத்து இது? கிழவிக்கு எப்படி வரும்?"

"உங்க குச்சிதான் சொல்லுதுங்க" என்றாள் மூத்தவள்.

"எல்லாரையும் துரத்திடுவேன்!"

"துரத்துங்க. ஓட்டல்காரங்க விரிப்பை நீங்களே தேய்ச்சு அனுப்புங்க. உருளை சுடும், விரல் பத்திரம்" என்றாள் வாயாடி. "இல்லன்னா, இந்தக் குப்பி இனிமே இந்த வாசலுக்கு வரக் கூடாது. மாசமா இருக்கறவளை மடிப்பு மேசைக்கு மாத்துங்க. போன மாசம் அனுப்பினவளைத் திரும்பக் கூப்பிடுங்க."

"நடக்காது. மொதல்ல போய் மிஷின்ல நில்லுங்க!"

"அதெப்படிங்க? மாசமா இருக்கறவங்க ஆவி பக்கம் நிக்கவே கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

சொல்லிவிட்டு வாயாடி விரிப்புக் குவியலின்மேல் உட்கார்ந்தாள். பக்கத்தில் மூத்தவள், அவளுக்குப் பக்கத்தில் பொத்தான்காரி, பிறகு எல்லாரும் உட்கார்ந்தார்கள். வாசலில் ஓட்டல் வண்டி ஹாரன் அடித்தது. முதலாளி ஒருமுறை வண்டியைப் பார்த்தான், ஒருமுறை அவர்களைப் பார்த்தான், தொலைபேசியைத் தேடி உள்ளே போனான். யாருக்குப் பேசப் போகிறானோ தெரியாது. உருளை வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது.

"நகர்ந்து உக்காருடி, புள்ளத்தாச்சி எனக்கும் இடம் குடு" என்றாள் மூத்தவள்.